குளியலறைச் சுவரில் ஒரு தாத்தா

சீவலுக்கு நாக்கு நீளம் என்று யாரும் சொன்னதில்லை. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவள். ஆனாலும் மகளுக்கு முதலில் பேசிய இடம் அவள் நாக்கால்தான் கெட்டுப்போனது.

பேசிக் கெடுத்திருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். அந்த வீட்டு ஹாலில் ஜன்னலுக்குக் கீழே மெருகேற்றிய கல் பதித்திருந்தார்கள். அதற்குள் சுருள் சுருளாக ஏதோ தெரிந்தது. எல்லோரும் பையனின் படிப்பைப் பற்றி அளந்துகொண்டிருந்த நேரம் பார்த்து, இவள் மெல்லக் குனிந்து அந்தக் கல்லை ஒரு நக்கு நக்கிவிட்டாள். சில நாள் கழித்து, பையனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது, இப்போதைக்குக் கல்யாணப் பேச்சு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பையன் இன்றைக்கும் அதே பஸ் நிறுத்தத்தில்தான் நிற்கிறான்.

அவளுக்குப் பைத்தியம் ஒன்றும் இல்லை, தொழில் அப்படி. காய்ந்த கல்லைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஈரம் பட்டால்தான் உள்ளே இருப்பது பளிச்சென்று எழுந்து வரும். பக்கத்தில் தண்ணீர் இருந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் எச்சில். கல்லோடு பிழைப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான், பேராசிரியர்களும் செய்வார்கள். அவர்கள் ஆள் இல்லாத மலையில் செய்கிறார்கள், இவள் சம்பந்தம் பேசப் போன வீட்டில் செய்தாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

சீவல் என்பது துறையில் வைத்த பெயர். பல்கலைக்கழகத்து நிலவியல் துறையின் அடித்தளத்தில் கடைசி அறை அவளுடையது. கல்லைச் சின்ன ரம்பத்தில் அறுத்து, ஒரு முகத்தை வழவழப்பாக்கி, கண்ணாடித் துண்டில் ஒட்டி, மறுமுகத்தைத் தேய் தேய் என்று தேய்ப்பாள். தலைமுடியைவிட மெல்லிசாகும்வரை விடமாட்டாள். அந்த மெல்லிசில் கல்லுக்குள் வெளிச்சம் புகுந்துவிடும். மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்துப் பார்க்கலாம். ஒரு தேய்ப்பு குறைந்தால் உள்ளே இருட்டு. ஒரு தேய்ப்பு கூடிவிட்டாலோ கல்லே இருக்காது, துடைத்த கண்ணாடிதான் மிஞ்சும். பாக்குச் சீவுவது போலக் கல்லைச் சீவுகிறவள் என்று ஒரு மாணவன் விளையாட்டாகச் சொல்லப்போக, பெயர் ஒட்டிக்கொண்டது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் இப்போது அவளுடைய சொந்தப் பெயர் கிடையாது.

அதற்கு முன்னால் அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தாள். கடையை மூடிவிட்டார்கள். தேய்க்கத் தெரிந்த ஆள் வேண்டுமாம் என்று யாரோ சொல்லக் கேட்டு இங்கே வந்தாள். இதுவும் மூக்குக்கண்ணாடி சமாசாரம்தான் என்று நினைப்பு. கையில் ஒரு பாறைத் துண்டைக் கொடுத்தார்கள். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை யாருங்க போட்டுக்குவாங்க?" என்று கேட்டாளாம். துறையில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

முதன்முதலில் உருப்படியாகத் தேய்த்த கல்லை அவளையே பார்க்கச் சொன்னார்கள். பார்த்தாள். அடுக்குமாடிக் கட்டடத்து ஜன்னல்கள் மாதிரி வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். யார் கட்டியது என்று கேட்டதற்கு, யாரும் கட்டவில்லை, இது ஒரு பாசி என்றார்கள். கடலில் வளரும் சிவப்புப் பாசி. மற்றப் பாசிகள் அலைக்கு ஆடிக்கொண்டிருக்க, இது மட்டும் தன் உடம்பின் ஒவ்வொரு அறைச் சுவரிலும் சுண்ணாம்பைச் சேர்த்துக்கொண்டு கல்லாய் உட்கார்ந்துவிடும். பாறைமேல் யாரோ ரோஜா நிறப் பெயிண்டைக் கொட்டிவிட்டுப் போனது போலக் கிடக்கும். உயிரோடு இருக்கும்போதே கல் என்பதால் செத்த பிறகும் அழியாது. கோடிக்கணக்கான வருஷம் கழித்துத் தேய்த்துப் பார்த்தாலும் அறைகள் அப்படியே இருக்கும். அன்றைக்குச் சீவல் பஸ் ஏற மறந்து நடந்தே வீட்டுக்குப் போனாள். காதல் வந்தவர்கள் இப்படித்தான் நடந்துபோவார்கள் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

அதிலிருந்து சுண்ணாம்புப் பாசி என்றால் அவளுக்குச் சொந்தக்காரர் வீட்டுக் கதை மாதிரி. பழங்காலத்துச் சொந்தங்களில் ஒவ்வொரு வித்துக்கும் தனித்தனி அறை இருந்ததாம். பிறகு வந்த கிளை எல்லா வித்தையும் ஒரே கூடத்தில் வைத்துக் கூரை முழுக்க ஓட்டை போட்டது. இன்னொரு கிளை கூரைக்கு ஒற்றை வாசலோடு நிறுத்திக்கொண்டது. "வீடு கட்டுறவங்க யோசனை நாளுக்கு நாள் மாறுற மாதிரிதான்" என்பாள் சீவல். வேறு சில, கல்லாகவே நின்றால் அலை ஒடித்துவிடும் என்று, அங்கங்கே மட்டும் சுண்ணாம்பை விட்டுவிட்டு மூட்டு வைத்துக்கொண்டன. அதிலும் வேடிக்கை, இந்த மூட்டு வித்தையை ஒரு கிளை கண்டுபிடித்து மற்றவற்றுக்குக் கொடுக்கவில்லை. வெவ்வேறு கிளைகள் தனித்தனியே கண்டுபிடித்தன. இவ்வளவும் சரி. இந்தப் பெரிய குடும்பத்துக்கு ஆதித் தாத்தா யார் என்பதில்தான் இன்னும் இழுபறி. துறையின் பேராசிரியர் அம்மா ஒருவர் பல வருஷமாக அந்தத் தாத்தாவைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் கொண்டுவரும் கல்லையெல்லாம் சீவல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த நிலையில்தான் மகளுக்கு இரண்டாவது இடம் வந்தது. வந்தது என்ன, மகளே கொண்டுவந்தாள். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் பையன். இருவரும் பார்த்து, இருவரும் பேசி, பெரியவர்களுக்குச் சரி என்று தலையாட்டும் வேலையை மட்டும் மிச்சம் வைத்திருந்தார்கள். பையனுக்கு அப்பா இல்லை. அம்மா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். அவர் வண்டியைக் கண்டால் போக்குவரத்துப் போலீஸ்காரரே சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார் என்று பேச்சு.

புது வீடு கட்டியிருக்கிறோம், வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று அந்த அம்மா கூப்பிட்டார். கிளம்பும்போது மகள் வாசலில் மறித்து நின்றாள்.

"அம்மா, அங்க கல்லுப் பேச்சே வேண்டாம்."

"வேண்டாம்."

"கல்லு பாக்குற லென்ஸ வீட்லயே வச்சிட்டு வா."

"வச்சாச்சு."

"அப்புறம் அந்த..."

"நாக்குதானே? அதை எப்படி கண்ணு வீட்ல வச்சிட்டு வர்றது?"

மகள் சிரிக்கவில்லை. "எனக்குப் பிடிச்ச பையன்மா. இதுவும் போச்சுன்னா என்னால தாங்க முடியாது" என்றாள். கல் என்ற ஒரு சொல்கூட வாயில் வராது என்று சீவல் மகளின் தலைமேல் கைவைத்துச் சொன்னாள்.

சொன்னபடியே நடந்தும்கொண்டாள். வீட்டைப் புகழ்ந்தாள், திரைச்சீலையைப் புகழ்ந்தாள், மாப்பிள்ளை இளைத்திருப்பதாகக் கவலைப்பட்டாள். எல்லாம் கச்சிதமாகப் போய்க்கொண்டிருந்தது. விதி டீக் கோப்பையில் வந்தது. கையில் கொஞ்சம் சிந்திவிட, கழுவிக்கொண்டு வருகிறேன் என்று குளியலறைக்குப் போனாள்.

குளியலறைக்குத்தான் அந்த அம்மா காசைக் கொட்டியிருந்தார். தரையிலிருந்து கூரைவரை மெருகேற்றிய சுண்ணாம்புக்கல். சீவல் கண்ணை மூடிக்கொண்டுதான் குழாயைத் திறந்தாள். துண்டு எங்கே என்று பார்க்கக் கண்ணைத் திறந்தவள் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டாள். முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்துக் கல்லில், உள்ளங்கை அகலத்துக்கு, வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கியது போல வளையம் வளையமாக ஒன்று. லேசான ரோஜா நிறம். வளையங்களுக்குக் குறுக்கே நூல் நூலாகக் கோடுகள், அடியிலிருந்து விசிறி போல விரிந்துகொண்டு போயின. பேராசிரியர் அம்மா பாடத்தில் காட்டும் பழங்காலத்துப் பாசித் தாத்தாவின் படம் அச்சு அசல் இப்படித்தான் இருக்கும். சீவலுக்குத் தலைகால் புரியவில்லை. தாத்தா! இத்தனை வருஷம் மலை மலையாகத் தேடியவர் சம்பந்தி வீட்டுச் சோப்புப் பெட்டிக்கு மேலே உட்கார்ந்திருக்கிறார்! லென்ஸும் கையில் இல்லை. கை பழகிய வேலையைக் கை செய்யும், நாக்கு பழகிய வேலையை நாக்கு செய்யும். கதவைத் தாழ் போட்டோமா என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.

துண்டு கொடுக்க வந்த சம்பந்தியம்மா கதவைத் திறந்தபோது, சீவல் சுவரைக் கட்டிப்பிடித்தபடி நாக்கை நீட்டிக்கொண்டிருந்தாள்.

சம்பந்தியம்மா குழாயைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"சம்பந்தி," என்றார் அந்த அம்மா நிதானமாக, "குழாய்ல தண்ணி வருது."

வேறு யாராக இருந்தாலும் அசடு வழிந்து ஏதாவது பொய் சொல்லியிருப்பார்கள். சீவலுக்குப் பொய் வரவில்லை, கல்தான் வந்தது. பாசி, சுண்ணாம்பு, தனி அறை, கூடம், ஒற்றை வாசல், தாத்தா என்று அணை உடைந்தது போலக் கொட்டித் தீர்த்தாள். சம்பந்தியம்மா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எத்தனை வயசு இருக்கும் இவருக்கு?"

"பதினஞ்சு கோடி வருஷம் இருக்கலாம் சம்பந்தி."

"கடைக்காரன் புது மாடல்னு சொல்லி என் தலையில கட்டிட்டான்."

சம்பந்தியம்மாவுக்குப் பின்னால் மகள் வந்து நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் சீவலுக்கு அந்தச் சுவருக்குள்ளேயே புகுந்துகொள்ளலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் சம்பந்தியம்மாவிடமிருந்து போன் வந்தது. "காலைல நீங்க மட்டும் தனியா வாங்க. கல்லு அறுக்குற சாமான் எதுவோ, அதையும் எடுத்துட்டு வாங்க." இரண்டே வரி, வைத்துவிட்டார்.

"தனியா வரச் சொன்னாங்கன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம்மா" என்றாள் மகள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். "ஆனா ரம்பம் எதுக்கு?"

அது சீவலுக்கும் புரியவில்லை. கை ரம்பத்தையும் உளியையும் பையில் போட்டுக்கொண்டு, வெட்டப் போகிறோமா வெட்டுப்படப் போகிறோமா என்று தெரியாமல் போய்ச் சேர்ந்தாள். சம்பந்தியம்மா வாசலிலேயே காத்திருந்தார். தலை கலைந்திருந்தது.

"சம்பந்தி, இவரை முதல்ல வெளிய எடுங்க. என்னால குளிக்க முடியல."

"ஏன் சம்பந்தி?"

"ஏனா? நீங்க வந்து சொல்ற வரைக்கும் அது சுவரு. இப்ப யாரோட தாத்தாவோ நின்னு பாத்துட்டு இருக்கார். பதினஞ்சு கோடி வயசுப் பெரியவர் முன்னாடி நான் எப்படிக் குளிப்பேன்? துண்டைப் போட்டு மூடிக்கூட பாத்தேன். துண்டுக்குப் பின்னால இருந்து பாக்குறார்!"

சீவல் சிரிப்பை அடக்க முயன்று தோற்றாள். சம்பந்தியம்மா முறைத்தார், அப்புறம் அவரும் சிரித்துவிட்டார். "பெரிய மனுஷர்னா அவருக்கு ஏத்த இடத்துல இருக்கட்டும். உங்க ஆபீஸ்ல கொண்டுபோய் மரியாதையா வைப்போம். கல்யாண விஷயம் அப்புறம்" என்றார். அந்த 'அப்புறம்' சீவலின் காதிலேயே நின்றது. தாத்தா தாத்தாவாக இருந்துவிட்டால் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும் என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள்.

இருவருமாகக் கல்லைப் பெயர்த்தார்கள். குளியலறை முழுக்க வெள்ளைப் புழுதி. புத்தம்புதுச் சுவரில் பல் விழுந்தது போல ஓர் ஓட்டை. தாத்தாவைத் துண்டில் சுற்றி, டிரைவிங் ஸ்கூல் காரின் பின் இருக்கையில் படுக்கவைத்தார்கள். அந்தக் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அந்த இடத்தில் உட்கார்ந்தவள் சீவல். ஒவ்வொரு குழிக்கும் தாத்தா உடைந்துவிடுவாரோ என்று அவள் கால் தன்னையறியாமல் பிரேக்கை மிதிக்க, கார் நின்று நின்று போனது. பின்னால் வந்த லாரிக்காரர், யார் யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று விளங்காமல் இருவரையும் சேர்த்துத் திட்டினார்.

பேராசிரியர் அம்மா வகுப்பில் இருந்தார். முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். சீவல் வேலையை ஆரம்பித்தாள். அறுத்தாள், கண்ணாடித் தட்டில் கரகரப்புப் பொடியைத் தூவித் தண்ணீர்விட்டுத் தேய்த்தாள், பசை வைத்து ஒட்டிச் சூட்டில் காயவிட்டாள். சம்பந்தியம்மா முக்காலியில் உட்கார்ந்து, கன்னத்தில் கைவைத்து, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசித் தேய்ப்புக்குக் கல் வெளுத்து, புகை போல ஆகி, வெளிச்சம் உள்ளே வந்தது. "ஐயோ, கல்லு கண்ணாடி ஆயிடுச்சு!" என்று அவர் கைதட்டினார். சீவலுக்குக் கால் தரையில் பாவவில்லை. மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தாள்.

குழல்கள் தெரிந்தன. அழகாக, நெருக்கமாக, விசிறி போல. குழல்களின் சுவரைக் கூர்ந்து பார்த்தாள். சுவருக்குள்ளே பொடிப் பொடியாய் ஊசிகளின் தடம்.

பாசிக்கு ஊசி கிடையாது. உடம்பில் ஊசி வைத்துக்கொள்வது கடற்பஞ்சு. கடலடியில் தண்ணீரை வடிகட்டித் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கும் பிராணி. பாசிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வளையம், குழல், விசிறி எல்லாம் அச்சு அசல் தாத்தா, உள்ளே ஆளே வேறு. இந்த வேஷத்தில் ஏமாந்தது அவள் மட்டுமில்லை. பெரிய பெரிய படிப்பாளிகள் நூறு வருஷத்துக்கும் மேலாக இது மாதிரி ஒன்றைப் பாசியின் முன்னோர் என்றே எழுதிவைத்திருந்து, பிறகு ஊசியைக் கண்டு தலையில் கைவைத்தார்கள். பேராசிரியர் அம்மா வகுப்பில் இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கே மனப்பாடம். தெரிந்திருந்தும் விழுந்தாள். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

அவள் நிமிரவில்லை. நிமிர்ந்தால் சொல்லியாக வேண்டும். சுவரை உடைத்தாயிற்று, மகளின் வாழ்க்கை அந்த 'அப்புறம்' என்ற சொல்லில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பேராசிரியர் அம்மா இன்னும் வரவில்லை. தாத்தாதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? அந்த அம்மா சந்தோஷமாக வீட்டுக்குப் போவார். மகளும் பிழைத்துக்கொள்வாள். நாக்கு நுனிவரை அந்த வார்த்தை வந்தது. ஆனால் இத்தனை வருஷம் கல்லில் இருப்பதை இருக்கிறபடி காட்டுவதற்காகவே தேய்த்த கை அவளுடையது. அவள் நிமிர்ந்தாள்.

"சம்பந்தி," என்றாள், "இவர் தாத்தா இல்ல."

"என்னது?"

"தாத்தாவும் இல்ல, தூரத்துச் சொந்தம்கூட இல்ல. இவர் கடற்பஞ்சு. பாக்கத்தான் அப்படி இருக்கார். நான்தான் அவசரப்பட்டுட்டேன். உங்க புதுச் சுவரை ஒடைச்சிட்டேன். என்னைத் திட்டுங்க, என் பொண்ணை ஒண்ணும் சொல்லிடாதீங்க." கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

சம்பந்தியம்மா எழுந்து வந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்து, சத்தமாகக் கேட்கும்படி வைத்து, சீவலின் மகளையே கூப்பிட்டார்.

"சொல்லுங்க அத்தை" என்றது பயந்த குரல்.

"உங்கம்மா என் பாத்ரூம்ல ஓட்டை போட்டுட்டாங்க. தாத்தான்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தவர் தாத்தாவே இல்லையாம்."

அந்தப் பக்கம் அழுகை ஆரம்பித்தது. "அத்தை, மன்னிச்சிடுங்க, அம்மாவுக்கு..."

"அட, அழுகைய நிறுத்து, நான் பேசி முடிக்கல. என்கிட்ட வண்டி ஓட்டக் கத்துக்க வர்றவங்க எத்தனையோ பேர். ஓட்டத் தெரியாதவனை நான் எப்படியாவது தேத்திடுவேன். தெரியாததைத் தெரியும்னு சொல்றவன்கிட்டதான் வண்டியைக் குடுக்க மாட்டேன். இவங்க நெனச்சிருந்தா என்கிட்ட என்ன வேணா சொல்லியிருக்கலாம், இதுல எனக்கு என்ன தெரியும்? சொல்லல. உண்மையைத்தான் சொன்னாங்க. இந்த வீட்டுப் பொண்ணுதான் எனக்கு மருமக. கல்யாணத் தேதியை நீங்க ரெண்டு பேரும் பாத்துச் சொல்லுங்க."

போனில் அழுகை நிற்கவில்லை, ஆனால் அது வேறு அழுகை. சீவலும் சேர்ந்துகொண்டாள். சம்பந்தியம்மா இருவரையும் சேர்த்து அதட்டிவிட்டுப் போனை வைத்தார்.

"அந்த ஓட்டைய அடைச்சிக் குடுத்துடறேன் சம்பந்தி" என்றாள் சீவல் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"அடைக்கிறதாவது! வர்றவங்களுக்கெல்லாம் காட்ட வேண்டாமா?" என்றவர் அறுத்தது போக மிச்சமிருந்த கல்லைக் கையில் எடுத்தார். வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "எப்படி, இப்படித்தானே?" என்று கேட்டு, நாக்கை நீட்டி நன்றாக ஒரு நக்கு நக்கினார்.

"என்ன தெரியுது சம்பந்தி?"

சம்பந்தியம்மா முகத்தைச் சுளித்தார். "சோப்பு."

"எனக்கும் அன்னைக்கு அதுதான் தெரிஞ்சுது!"

இருவரும் மேஜையைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தபோது பேராசிரியர் அம்மா உள்ளே வந்தார். எச்சில் ஈரம் காயாத கல்லோடு ஒருவர் நிற்பது அவர் கண்ணுக்கு விசித்திரமாகவே படவில்லை. "புதுசா துறையில சேர்ந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம்," என்றாள் சீவல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவங்க எங்க சொந்தக்காரங்க."